அந்த 381 நாளும் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

பதிவு நீளம். காலை நடை முடித்து, காபி குடித்து, ஓய்வாக இருப்பவர்கள் படிக்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதமாக அமெரிக்காவில், அட்லாண்டா நகரின் வடபுறத்துப் புறநகர் ஒன்றில், மகள் வீட்டில் இருக்கிறோம். பேரனுக்கு ஒன்றரை வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். என் மனைவிக்கு மூட்டுவலி, குழந்தையைத் தூக்க முடியாது. எனக்குத் தூக்க முடியும், ஆனால் அவன் ஓடினால் பின்னால் ஓட முடியாது. ஆகவே நாங்கள் இருந்தாலும் ஓர் அம்மா வந்துதான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே இவர்களை ‘நானி’ என்கிறார்கள். நம்மூரில் ஆயா.

ஐம்பது வயது தாண்டிய கறுப்பினப் பெண்மணி. கார் கிடையாது. நகரின் தென்புறத்தில் வீடு. காலை எட்டு மணிக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் ஐந்தே காலுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பஸ், பிறகு ரயில், ரயில் போகும் கடைசி நிலையம் வரை. அங்கிருந்து இன்னொரு பஸ், மணிக்கு ஒன்று. இறங்கிய பிறகு இருபத்தைந்து நிமிட நடை. காரில் வந்தால் முக்கால் மணி நேரம்.

கார் இல்லாத இன்னொரு ஆள் இந்த வீட்டில் நான்தான். இங்கே பெட்டிக்கடை என்று ஒன்று இல்லை. உப்பு தீர்ந்தாலும் காரை எடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன எனக்கு இது ஒருவகை வீட்டுக் காவல்.

போன மாதம் நல்ல மழை. அந்த அம்மா நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார். மருமகனுக்கு அன்று முக்கியமான கூட்டம். இரவுச் சாப்பாட்டில், “அடுத்த ஆளைத் தேடும்போது சொந்த கார் இருக்கணும்னு முதல்லயே கேட்டுடணும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இங்கே நானி வேலை விளம்பரங்களில் அது வழக்கமான நிபந்தனைதான். மருமகன் வீட்டில் மாமனார் வாயைத் திறக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நானும் திறக்கவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. எப்போதோ என் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்விதான் காரணம்.

காந்தியின் சத்தியாகிரகம் நடத்தும்போதெல்லாம், பாடப் புத்தகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்வேன். 1959இல் அவர் இந்தியா வந்து கன்னியாகுமரி வரை போனதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படியே ரோசா பார்க்ஸ் கதை வரும். அலபாமா மாநிலம் மாண்ட்கோமரி நகரில் ஒரு கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் தர மறுத்தார், கைதானார், கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், கிங் தலைமை தாங்கினார், வெற்றி. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “சார், அப்ப அவங்கல்லாம் வேலைக்கு எப்படிப் போனாங்க?” என்றான்.

“நடந்து போனாங்க. உட்காரு” என்றேன்.

அவனுடைய அம்மா டவுனில் மூன்று வீட்டில் வேலை செய்தவர். காலை முதல் பஸ்ஸில் போவார். அந்த பஸ் வராத நாளில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு படிக்க ஆரம்பித்து, இங்கே வந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் மாண்ட்கோமரியையும் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவன் கேட்டதுதான் அந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று படுகிறது. அவன் இதைப் படிப்பானோ இல்லையோ, பதில் அவனுக்குத்தான்.

முதலில் யார் அந்த பஸ்ஸில் போனவர்கள் என்று பார்ப்போம். அன்றைய மாண்ட்கோமரியில் ஏறக்குறைய 70,000 வெள்ளையர், 50,000 கறுப்பினத்தவர். பஸ் பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வீட்டு வேலைதான்: சமையல், துணி துவைத்தல், தேய்த்தல், குழந்தை வளர்த்தல். வெள்ளையர் குடியிருந்த க்ளோவர்டேல் மாதிரியான பகுதிகளுக்கு ஊரின் மறுகோடியிலிருந்து தினமும் போய் வர வேண்டும். கையில் கார் இல்லை. பஸ் கட்டணம் 10 சென்ட்.

அந்த பஸ்ஸில் 36 இருக்கை. முன்னால் பத்து வெள்ளையருக்கு மட்டும். அவை காலியாகவே கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். பல ஓட்டுநர்கள் காசை முன்வாசலில் வாங்கிக்கொண்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். சில சமயம் அவர் பின்வாசலுக்குப் போவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

ஒன்றைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. மாண்ட்கோமரி நகரச் சட்டத்தில் பஸ்ஸில் இனவாரியாக உட்கார வைக்கும் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. வெள்ளைக் குழந்தையையோ, நோயாளியான வெள்ளையரையோ பார்த்துக்கொள்ளும் கறுப்பின ஆயா, வெள்ளையர் பகுதியில் உட்காரலாம். மடியில் அந்த வீட்டுக் குழந்தை இருந்தால் முன்னால் இடம் உண்டு. மாலையில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தன் பிள்ளைகளிடம் திரும்பும்போது அதே பெண், அதே பஸ், பின்னால் போக வேண்டும். அருகில் உட்காருவதால் தீட்டு என்று இவர்கள் உண்மையில் நம்பவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். எந்த நிலையில் அருகில் உட்காரலாம் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

ரோசா பார்க்ஸைப் பற்றி நான் சொன்னதிலும் பிழை உண்டு. அவர் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய இருக்கையில் போய் உட்காரவில்லை. அந்தப் பத்துக்கும் அடுத்த வரிசையில், கறுப்பினத்தவர் உட்காரலாம் என்றிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. முன்பகுதி நிறைந்து ஒரு வெள்ளைக்காரர் நின்றார். அவர் ஒருவருக்காக அந்த வரிசையின் நாலு பேரையும் ஓட்டுநர் எழச் சொன்னார். மூவர் எழுந்தார்கள், இவர் எழவில்லை. வயது 42. பல்பொருள் அங்காடி ஒன்றில் தையல் வேலை.

அவருக்கு முன்பே அதே ஆண்டில் இரண்டு இளம்பெண்கள் இதே காரணத்துக்குக் கைதாகியிருந்தார்கள். மார்ச் மாதம் கிளாடெட் கால்வின், பள்ளிக்கூடப் பிள்ளை, வயது 15. அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித், வயது 18. இந்த இரண்டாவது பெண் வீட்டு வேலை செய்தவள். வேலை செய்த வீட்டில் பாக்கிச் சம்பளம் கேட்கப் போய், அது கிடைக்காமல் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான் எழச் சொன்னார்கள். கையில் காசு வராத நாளில் மனிதருக்கு வரும் கோபம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பெயரை வகுப்பில் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இத்தனைக்கும் கடைசியில் சட்டத்தை உடைத்த வழக்கில் வாதிகளாக நின்ற நால்வரில் இவளும் கால்வினும் உண்டு. ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் இல்லை.

பார்க்ஸ் கைதான இரவு நடந்தது ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். ஜோ ஆன் ராபின்சன் என்று ஒரு கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை. கறுப்பினப் பெண்களின் அரசியல் அமைப்பு ஒன்றுக்குத் தலைவி. 1949இல் ஏறக்குறைய காலியான பஸ்ஸில் தெரியாமல் முன்னால் உட்கார்ந்து, ஓட்டுநர் கத்திய கத்தலில் அழுதுகொண்டே இறங்கிப் போனவர். 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, நிலைமை மாறாவிட்டால் மக்கள் பஸ்ஸைப் புறக்கணிப்பார்கள் என்று நாசூக்காக எச்சரித்தவர். அன்றிரவு செய்தி கேட்டதும் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு விடிய விடியத் துண்டறிக்கை அடித்தார். நாம் வினாத்தாள் அடித்த அதே சைக்ளோஸ்டைல் வகை இயந்திரம். ஒரு தாளில் மூன்று அறிக்கை, பிறகு வெட்டுவது. பல பத்தாயிரம் சீட்டுகள். மறுநாள் காலை வகுப்பும் எடுத்தார். ஸ்டென்சில் மை கையில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது என்று அறிந்தவர்களுக்கு அந்த இரவின் மதிப்பு தெரியும்.

சரியாகப் படிக்கத் தெரியாத ஒரு பணிப்பெண் அந்தச் சீட்டைத் தன் எஜமானியிடம் கொண்டுபோய்க் காட்ட, எஜமானி பத்திரிகைக்குக் கொடுக்க, பத்திரிகை முதல் பக்கத்தில் போட, விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று கிங் எழுதியிருக்கிறார். பத்திரிகை கெடுதல் செய்ய நினைத்தது. இலவச விளம்பரம் ஆகிப்போனது.

டிசம்பர் 5, திங்கட்கிழமை. கிங் வீட்டு வழியாகப் போகும் தடம்தான் ஊரிலேயே கறுப்பினப் பயணிகள் அதிகம் ஏறும் தடம். காலை ஆறு மணி வண்டியில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அன்று அது காலியாகப் போனது. அடுத்த வண்டியும் காலி. இருபத்தாறு வயதுப் பாதிரியார் ஜன்னல் வழியே பார்த்து நம்ப முடியாமல் நின்றார். அன்று மாலைதான் அவரைத் தலைவராக்கினார்கள். அதாவது, அந்தப் பெண்கள் காலையில் ஏறாமல் விட்ட பிறகுதான் மாலையில் தலைவர் கிடைத்தார். நான் பாடம் நடத்திய வரிசை தலைகீழ்.

ஒருநாள் என்றால் நடந்துவிடலாம். தொடர்ந்து என்றால்?

முதலில் கறுப்பினத்தவர் ஓட்டிய டாக்சிகள் உதவின. ஆளுக்கு 10 சென்ட், பஸ் கட்டணமே. நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி. சில நாளிலேயே போலீஸ் ஆணையர் பழைய விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்: டாக்சியில் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட், குறைத்து வாங்கினால் குற்றம். வீட்டு வேலைக்காரப் பெண்ணால் போக 45, வர 45 கொடுக்க முடியுமா?

அப்போது கிங் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரிலிருந்த பாதிரியார் ஜெமிசனுக்குத் தொலைபேசியில் பேசினார். 1953இல் அங்கே சில நாள் பஸ் புறக்கணிப்பு நடந்தது, அதற்குச் சொந்தக் கார்களை வைத்து ஏற்பாடு செய்தவர் அவர். அதைப் பார்த்து மாண்ட்கோமரியிலும் கார் வைத்திருந்தவர்களைக் கேட்டார்கள். ஏறக்குறைய 300 கார் சேர்ந்தது. ஆசிரியர்கள், பாதிரியார்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள். கார் இருந்தவர்கள் வேறு வர்க்கம், பஸ்ஸில் போனவர்கள் வேறு வர்க்கம். அதுவரை ஒரே தெருவில் இருந்தும் ஒரே வண்டியில் ஏறாதவர்கள். இப்போது பேராசிரியை ஓட்ட, சமையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து போனாள்.

எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது? ஊரின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த தபால் ஊழியர்களை உட்கார வைத்து வரைபடம் போட்டார்கள். காலையில் ஏற்றிவிட 48 இடம், மாலையில் வெள்ளையர் பகுதிகளிலிருந்து திரும்ப அழைத்துவர 42 இடம். நகர மையத்தில் கறுப்பினத்தவர் ஒருவரின் கார் நிறுத்துமிடம் பெரிய சந்திப்பு. பயணிகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, வாங்கினால் டாக்சி விதி பாயும். செலவுக்குப் பணம் தேவாலயக் கூட்டங்களில் திரட்டிய நன்கொடை. பின்னர் தேவாலயங்களின் பெயரிலேயே பெரிய வண்டிகள் வாங்கினார்கள். வேலையை இழந்திருந்த ரோசா பார்க்ஸ்கூடக் கொஞ்ச நாள் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் வேலை செய்தார். அந்தப் படத்தை ஏனோ யாரும் தபால் தலையில் போடுவதில்லை.

பிறகு தொல்லை. போலீஸார் ஓட்டுநர்களை நிறுத்தி நிறுத்தி அபராதம் போட்டார்கள். 1956 ஜனவரி 26 அன்று, 25 மைல் வேகத்துக்குமேல் போகக் கூடாத சாலையில் 30இல் போனதாகச் சொல்லிக் கிங்கைச் சிறையில் வைத்தார்கள். கூட்டமாக நின்று காத்திருந்தாலே குற்றம் என்று மிரட்டினார்கள். ராபின்சன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது, காரில் அமிலம் ஊற்றினார்கள். கிங் வீட்டில் குண்டு வெடித்தது. வண்டிகளின் காப்பீட்டை ரத்து செய்ய வைத்தார்கள். காப்பீடு இல்லாமல் வண்டி ஓடக் கூடாது. அட்லாண்டாவில் இருந்த கறுப்பினக் காப்பீட்டு முகவர் ஒருவர் லண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு எடுத்துக் கொடுத்தார். அலபாமாவின் ஆயாக்கள் வேலைக்குப் போவதற்கு லண்டனில் கையெழுத்து விழுந்தது.

இன்னொரு வகைக் கார்களும் ஓடின. இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன். வெள்ளைக்கார எஜமானிகள் தாங்களே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பணிப்பெண்களை அழைத்துவந்து, மாலையில் கொண்டுபோய் விட்டார்கள். சிலருக்குப் போராட்டத்தில் உண்மையான பரிவு. பலருக்குப் பரிவெல்லாம் இல்லை, அடுப்பு எரிய வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். மேயர் கெய்ல் 1956 ஜனவரியில், பணிப்பெண்களை ஏற்றி இறக்கி நீங்களே புறக்கணிப்பை வளர்க்கிறீர்கள், நிறுத்துங்கள் என்று வெள்ளைக்காரப் பெண்களைக் கேட்டுக்கொண்டார். மேயர் என் வீட்டுத் துணியைத் துவைத்துச் சமைத்துக் கொடுப்பதானால் நிறுத்துகிறேன் என்கிற தொனியில் அவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களின் கணவர்கள் பலர் இனப்பிரிவினையை ஆதரித்தவர்கள். வெளியே மேடையில் கணவன் முழங்க, மனைவி பின்வாசலில் காரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பணிப்பெண்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. விர்ஜீனியா டர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, பார்க்ஸைப் பிணையில் எடுக்க உதவியவர், தன் உறவு வீட்டில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். நீங்களும் அந்தப் புறக்கணிப்பில் சேர்ந்திருக்கிறீர்களா என்று வீட்டுக்காரி கேட்க, வேலைக்காரப் பெண் அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை அம்மா, இந்தச் சச்சரவு தீரும்வரை பஸ் பக்கம் போகாமல் இருக்கிறோம், அவ்வளவுதான் என்றாளாம். சோறு போடும் வீட்டில் பொய் சொல்லாமலும் உண்மையைச் சொல்லாமலும் பேசுவது எப்படி என்று நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும்.

ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்து பிரஸ்டன் வாலியன் என்ற சமூகவியலாளரின் குழு அந்தக் குளிர்காலத்தில் மாண்ட்கோமரிக்கு வந்து இவர்களிடம் பேசிப் பதிவுசெய்தது. அதனால்தான் இந்தப் பெண்களின் குரல் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது. கால் வலித்தாலும் மனம் ஓய்ந்திருக்கிறது என்கிற பொருளில் ஒரு பாட்டி சொன்னதை உலகமே மேற்கோள் காட்டிவிட்டது. ஆனால் கால் வலி கால் வலிதான். நாளுக்கு 12 மைல் வரை நடந்தவர்கள் இருந்தார்கள் என்று கிங் எழுதுகிறார். ஏறக்குறைய 19 கிலோமீட்டர். போன பிறகு நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை.

ஜார்ஜியா கில்மோரைச் சொல்லாமல் விட முடியாது. சமையல்காரி. காசு வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போகச் சொன்ன ஓட்டுநர் அவரை ஏற்றாமல் வண்டியை எடுத்ததால், ஊர் புறக்கணிப்பதற்கு முன்பே 1955 அக்டோபரிலேயே தனியாளாக பஸ்ஸை விட்டவர். கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னதற்காக வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்றார். அவரும் பிற சமையல்காரிகளும் பணிப்பெண்களும் கோழி வறுவல், கேக், பை எல்லாம் விற்றுக் கார்களின் பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்கு, எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை. கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். வாங்கித் தின்றவர்களில் வெள்ளையரும் உண்டு.

1956 பிப்ரவரியில் பழைய சட்டம் ஒன்றைக் காட்டி 89 பேர் மேல் வழக்கு. ஜூன் மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்றது. நகராட்சி மேல்முறையீடு செய்தது. நவம்பர் 13 அன்று மாண்ட்கோமரி நீதிமன்றத்தில் கிங் உட்கார்ந்திருந்தார். கார் ஏற்பாட்டையே தடை செய்யக் கேட்டு நகராட்சி போட்ட வழக்கு. தோற்றுப்போகும் வழக்கு என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் செய்தியாளர் ஒருவர் சீட்டு நீட்டினார்: உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்துவிட்டது.

இங்கேதான் எல்லாரும் கதையை முடிப்பார்கள். நானும் அப்படித்தான். ஆனால் அதே நாளில் கார் ஏற்பாட்டுக்குத் தடை வந்துவிட்டது. உச்ச நீதிமன்ற ஆணையோ எழுத்தில் வந்து சேர டிசம்பர் 20 ஆனது. நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல். வெற்றி கிடைத்துவிட்டது, வண்டி கிடையாது. பதினோரு மாதம் தேய்ந்த செருப்போடு, தெருவுக்குத் தெரு தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நடந்தார்கள். ஒருவரும் பழைய பஸ்ஸில் ஏறவில்லை. 381இல் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடைசி முப்பத்து சொச்சம் நாள்தான்.

டிசம்பர் 21 அன்று பஸ்ஸில் ஏறினார்கள். கட்டணம் 15 சென்ட் ஆகியிருந்தது. ஒரு வாரத்தில் பஸ்ஸின் மேல் துப்பாக்கிச் சூடு. ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரண்டு காலிலும் குண்டு பாய்ந்தது. சலவை வேலை செய்தவர். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள்தான் அப்போதும் அந்த பஸ்ஸில் இருந்தார்கள்.

சரி, இது மாண்ட்கோமரி. இந்த அட்லாண்டா ரயில் ஏன் அந்தக் கடைசி நிலையத்தோடு நின்றுவிடுகிறது?

அட்லாண்டாவில் டோரதி போல்டன் என்றொரு பெண்மணி இருந்தார். ஒன்பது வயதில் வீட்டு வேலைக்கு வந்தவர். வீட்டு வேலை செய்பவர்களைச் சங்கம் சேர்ப்பது கடினம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டில் தனித்தனியாக இருப்பவர்கள். இவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்கும் இடம் எது? காலை பஸ். எனவே போல்டன் ஒவ்வொரு தடமாக ஏறி, பஸ்ஸிலேயே பேசிப் பேசி, 1968இல் வீட்டுப் பணியாளர் சங்கம் அமைத்தார். அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் வந்தபோது வீட்டு வேலைக்காரர்களை விட்டுவிட்டது, 1974இல்தான் சேர்த்துக்கொண்டது. அதுவரை பேரம்தான். சங்கம் கேட்டதில் நாள் கூலியோடு பஸ் கட்டணமும் உண்டு.

1971இல் அட்லாண்டா வட்டார ரயிலுக்காக வாக்கெடுப்பு நடந்தது. ஃபுல்டன், டிகால்ப் என்ற இரண்டு கவுண்டிகள் ஒப்புக்கொண்டன. கிளேட்டனும் க்வினெட்டும் மறுத்தன. காப் கவுண்டி 1965லேயே விலகிக்கொண்டது. மறுத்ததற்குக் கூடுதல் விற்பனை வரி ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ரயில் வந்தால் நகரத்துக் கறுப்பினத்தவர் புறநகருக்கு வந்துவிடுவார்கள் என்ற பயமும் பெரிய காரணம். அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்தே இனவெறிக் கேலி ஒன்று இங்கே வெகுகாலம் உலவியது. கிளேட்டன் 2014இல் மனம் மாறியது. க்வினெட் 1990இலும் 2019இலும் மீண்டும் மறுத்தது. 1971இல் வாக்களித்தவர்களுக்கும் வீட்டு வேலைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். எப்படி வருகிறார்கள் என்று நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியாது. இன்று அந்தப் புறநகர்களில் குடியிருப்பவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர்.

போன சனிக்கிழமை மருமகனிடம், அந்த அம்மா இறங்கும் பஸ் நிறுத்தம் வரை நடந்து போய்வரலாமா என்று கேட்டேன். எனக்கு நடக்க ஆசை என்று நினைத்து வந்தார். பாதி வழிக்கு நடைபாதை இல்லை. பள்ளத்தில் புல் மேல் நடந்தோம், பக்கத்தில் கார்கள் சீறிக்கொண்டு போயின. நிறுத்தம் என்பது ஒரு கம்பம், கூரையோ பெஞ்சோ கிடையாது. மருமகன் கம்பத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டு மணிக்கு வர வேண்டுமானால் ஒரு மணி நேரம் முந்தைய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எட்டரை என்றால் அடுத்ததே போதும்.

திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை. ஞாயிறு இரவு தன் அலுவலகக் கூட்டத்தை அரைமணி தள்ளிவைக்க யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். திங்கள் முதல் எட்டரை. மழை நாளில் பஸ் நிறுத்தத்திலிருந்து காரில் அழைத்து வருவதாகவும் ஏற்பாடு. அந்த அம்மாவிடம் மகள் இதைச் சொன்னபோது, “அப்ப ஆறேகாலுக்குக் கிளம்பினா போதும்” என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தூங்குவேன் என்றார்.

இப்போது எட்டு இருபத்தேழு. பேரன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறான். கதவைத் திறக்க வேண்டும்.